வாசகர் கேள்வி – பதில்: வளைவில் நிற்கும் எட்டுக் கண் கல்பாலம்

சென்ற இதழில் பழைய ரயில் பாலங்களைப் பற்றி எழுதியபோது, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பட்டாப்ஸ்கோ ஆற்றைக் கடக்கும் தாமஸ் கல்பாலத்தை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். 1835-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மீது இன்றும் ரயில்கள் ஓடுகின்றன என்பதுதான் அந்த வரி. அதைப் படித்துவிட்டுச் சேலம் மாவட்டத்து வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். கல்லையும் ரயிலையும் அன்றாடம் பார்த்துப் பழகியவர்களின் கேள்விகள் என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

இருப்புப்பாதைப் பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பொம்மிடி, லோகூர், டேனிஷ்பேட்டை மலைச்சரிவில் ஒரு வளைவைச் சரியாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது எனக்குத் தெரியும். மண்கரையிலேயே அப்படியென்றால், கல்பாலத்தை வளைவின் மேல் எப்படிக் கட்டினார்கள்? (சூரமங்கலம் வாசகர்)

ஐயா, அந்தப் பாலத்தின் பெருமையெல்லாம் தாங்கள் கேட்ட இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. பால்டிமோர் – ஓஹையோ ரயில் கம்பெனி, பால்டிமோரிலிருந்து வாஷிங்டனுக்குக் கிளைப்பாதை போட்டபோது, பாதை ஆற்றைக் கடக்கும் இடத்திலேயே திரும்பியும் ஆகவேண்டியிருந்தது. 1833-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று தொடங்கிய வேலை 1835-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று முடிந்தது. பாலத்தின் நீளம் 612 அடி. நீர்மட்டத்திலிருந்து தண்டவாளம் வரை சுமார் 59 அடி உயரம். எட்டுக் கண்கள் (தூணுக்கும் தூணுக்கும் இடையே வில் போல வளைத்துக் கட்டிய திறப்புகள்), ஒவ்வொன்றும் ஏறத்தாழ 58 அடி அகலம். பாதையின் வளைவு 4 டிகிரி, அதாவது ஒவ்வொரு 100 அடிக்கும் பாதை 4 டிகிரி திரும்புகிறது. நம் ரயில்வேயில் 1750-ஐ மீட்டர் கணக்கிலுள்ள ஆரத்தால் வகுத்து டிகிரி காண்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அந்தக் கணக்கின்படி ஆரம் சுமார் 437 மீட்டர் வருகிறது.

இந்த அளவுகளை வைத்துக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாலத்தின் ஒரு முனையில் நுழையும் வண்டி மறுமுனையை விட்டு இறங்குவதற்குள் சுமார் 24 பாகை (டிகிரி) திரும்பிவிடுகிறது. பாலத்தின் அகலம் சுமார் 26 அடி. எனவே வெளிவட்டத்துக் கைப்பிடிச் சுவர் உள்வட்டத்துச் சுவரைவிட ஏறக்குறைய 11 அடி நீளமாக இருந்தாக வேண்டும். இந்த 11 அடியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் பொறியாளரின் முன் நின்ற சிக்கல். எல்லாத் தூண்களையும் நீள்சதுரமாகக் கட்டிவிட்டு, வளைவைப் பாலத்தின் மேல்தளத்தில் மட்டும் சமாளித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் தண்டவாளம் ஓரிடத்தில் ஒரு சுவரை ஒட்டியும் இன்னோரிடத்தில் மறுசுவரை ஒட்டியும் ஓடியிருக்கும். பொறியாளர் லாட்ரோப் அந்தச் சுலபமான வழியில் போகவில்லை. வளைவின் மையப்புள்ளியிலிருந்து விசிறிக் காம்புகளைப் போல் விரியும் ஆரக்கோடுகளின் மேலேயே ஒவ்வொரு தூணின் பக்கங்களையும் அமைத்தார். இதனால் தூண்கள் மேலிருந்து பார்க்கும்போது ஆப்பு வடிவம் பெற்றன. உள்வட்டத்தில் குறுகியும் வெளிவட்டத்தில் அகன்றும் நின்றன. கண்களின் இடைவெளியும் அதற்கேற்பப் பக்கத்துக்குப் பக்கம் சற்று மாறுபட்டது. அதாவது, வளைவு என்பது பாலத்தின் மேல் வைக்கப்பட்டதாக இல்லாமல், அடித்தளத்துக் கல்லிலிருந்தே வளர்ந்து மேலே வந்தது.

இதில் தாங்கள் ரசிக்கக்கூடிய செய்தி இன்னொன்றும் உண்டு. நேரான பாலத்தில் ஒரு தூணை இருபுறமுள்ள கண்களின் வில் வளைவுகளும் எதிரெதிராகத் தள்ளுவதால் அந்தத் தள்ளல்கள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். வளைந்த பாலத்திலோ அடுத்தடுத்த இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் 3 பாகைத் திருப்பம் இருப்பதால், இரு தள்ளல்களும் ஒரே நேர்கோட்டில் அமையாமல், அவற்றில் சிறுபங்கு, ஏறக்குறைய நூற்றில் ஐந்து பங்கு, மிஞ்சி நின்று தூணை வெளிவட்டத்துப் பக்கமாகத் தள்ளுகிறது. ஆப்பு வடிவத் தூணில் கல் அதிகமாக இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மண்டபத்தில் தூணுக்குத் தூண் கல் உத்தரம் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள், வில் வளைவே இல்லை. ரயில் பாலத்துக்கு மட்டும் வில் வளைவு எதற்கு? (தாரமங்கலம் வாசகி)

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நடந்து பாருங்கள். சில தப்படி வைப்பதற்குள் அடுத்த தூண் வந்துவிடும். சிற்பிக்குத் தூண்கள் செதுக்கும் ஆசை இருந்தது என்பது ஒருபுறம் இருக்க, கல்லின் குணமும் அதற்கு ஒரு காரணம். கல் அழுத்தத்தை மிக நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. உத்தரமாகப் படுக்க வைத்த கல் தன் எடையாலேயே மிக மிக நுட்பமாகத் தொய்கிறது. அப்போது அதன் மேற்பகுதி அழுத்தத்துக்கும் அடிப்பகுதி இழுவைக்கும் உள்ளாகின்றன. நீளம் கூடக்கூட இழுவை வேகமாகக் கூடி, ஒரு நாள் அடிப்பக்கத்தில் கீறல் விழும். அதனால்தான் பெரிய மண்டபம் வேண்டுமென்றால் நம் முன்னோர் தூண்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்; ஆயிரங்கால் மண்டபங்கள் எழுந்ததில் இந்தத் தேவைக்கும் பங்கு உண்டு.

ஆற்றில் அப்படித் தூண்களை நெருக்கி வைக்க முடியாது. வெள்ளத்துக்கு வழிவிட வேண்டும். வளைவாகக் கட்டும்போது இழுவை என்பதே எங்கும் எழாதபடி, எடை முழுவதும் கல்லிலிருந்து கல்லுக்கு அழுத்தமாகவே இறங்கித் தூணைச் சேர்கிறது. அதனால் ஆள் தூக்கக்கூடிய, வண்டியில் ஏற்றக்கூடிய சிறிய கற்களைக் கொண்டே 58 அடி இடைவெளியைத் தாண்டிவிட முடிந்தது. ஒரே கல்லில் 58 அடி உத்தரம் கிடைத்தாலும் அது ரயிலைத் தாங்கியிருக்காது.

சென்ட்ரிங்கைப் பிரித்தபின் உச்சியில் உள்ள கற்கள் ஏன் கீழே விழுவதில்லை? சிமெண்ட் பிடித்துக்கொள்கிறதா? (ஏற்காடு, பதினோராம் வகுப்பு மாணவி)

கலவை பிடித்துக்கொள்வதால் அன்று. கலவை கற்களுக்கிடையே உள்ள மேடுபள்ளங்களை நிரப்பி அழுத்தத்தைச் சீராகப் பரப்புகிறது. கற்களைத் தொங்கவிடும் வேலையை அது செய்வதில்லை.

வீடு கட்டும் இடத்தில் சித்தாள் வேலை செய்யும் அம்மாக்களைக் கவனித்திருப்பீர்கள். தரையில் வரிசையாக நிறுத்திய நான்கைந்து செங்கற்களை, இரண்டு கைகளாலும் இரு முனைகளை அழுத்திப் பிடித்து, ஒரே தூக்காகத் தூக்குவார்கள். நடுவில் உள்ள செங்கற்களை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவை விழுவதில்லை. கைகளின் அழுத்தம் தளர்ந்தால் அடுத்த நொடியே நடுக்கல் நழுவிக் காலில் விழும். கல் வளைவிலும் இதுதான் நடக்கிறது. அங்கே கைகளின் வேலையை இருபுறத் தூண்கள் செய்கின்றன. தவிர, வளைவின் ஒவ்வொரு கல்லும் மேல்பக்கம் அகன்று அடிப்பக்கம் குறுகியிருக்கும்படி கொத்தப்பட்டிருக்கும். கீழே இறங்க நினைக்கும் கல் இருபுறமும் உள்ள கற்களை நெருக்குமே தவிர, அவற்றினூடே நழுவ முடியாது. உச்சியில் கடைசியாக இறக்கப்படும் பூட்டுக்கல் வைக்கப்படும் வரை வளைவு முழுவதும் மரச் சென்ட்ரிங்கின் மேல்தான் படுத்திருக்கும். பூட்டுக்கல் உட்கார்ந்த பின்புதான் அது தன் காலில் நிற்கத் தொடங்கும்.

உங்கள் மலையின் கல்லான சார்னோகைட்டும் இப்படிப்பட்ட வேலைக்கு உகந்த உறுதியான கல்தான். தாமஸ் பாலத்துக்கு அந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடைத்த கிரானைட் கல்லைப் பயன்படுத்தினார்கள்.

எங்கள் குடும்பம் தலைமுறையாகக் கல் உடைக்கும் குடும்பம். அந்தக் காலத்தில் மெஷின் இல்லாமல் இவ்வளவு கல்லை எப்படி உடைத்திருப்பார்கள்? (சங்ககிரி வாசகர்)

உங்கள் பாட்டனார் செய்த முறைதான். பாறையில் நேர்கோடாகச் சிறு குழிகளைப் போட்டு, ஒவ்வொரு குழியிலும் இரும்பு ஆப்பை இறக்கி, சம்மட்டியால் வரிசையாக, ஒரு சுற்று முடிந்ததும் மறு சுற்று என்று அடித்துக்கொண்டே போவது அக்காலத்து அமெரிக்கக் கல் குவாரிகளிலும் வழக்கமாக இருந்தது. சேலத்தைச் சுற்றியுள்ள ஒரு குவாரியில் இதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு சுற்றுகளில் ஒவ்வொரு ஆப்பும் ஒவ்வொரு விதமாக ஒலித்தது. அடி ஏற ஏற ஒலிகள் எல்லாம் மெல்ல மெல்ல ஒரே சுருதிக்கு வந்தன. அப்போது சம்மட்டி பிடித்திருந்த பெரியவர் கையை நிறுத்திவிட்டு, குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். இனி அடிக்க வேண்டாம், அதுவே விடும் என்றார். சிறிது நேரத்தில் குழிக்குக் குழி மயிரிழை போல ஒரு கோடு ஓடிச் சேர்ந்தது. அத்தனை பெரிய பாறை சத்தமே இல்லாமல் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பாலத்தின் முகப்புக் கற்களை ஒன்றோடொன்று பொருந்தச் சதுரித்து வைத்த கைகளுக்கும் இந்தக் காது நிச்சயம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைய எஞ்சின் சிறியது. இன்றைய சரக்கு ரயிலின் எடையை அதே பாலம் தாங்குவதாகச் சொல்வது நம்பும்படியாக இல்லையே? (ஓமலூர் வாசகர்)

நியாயமான ஐயம். கட்டிய காலத்திலேயே பலர் நம்பவில்லை. பாலம் தன் எடையையே தாங்காது என்று சொல்லி, அதற்கு 'லாட்ரோபின் பைத்தியக்காரத்தனம்' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். அன்று அந்தப் பாதையில் ஓடிய எஞ்சின்கள் பத்து டன்னுக்கும் குறைந்தவை. இன்று அமெரிக்காவில் சரக்கு ரயில்களை இழுக்கும் பெரிய டீசல் எஞ்சின் ஒன்றின் எடை ஏறக்குறைய 190 டன்.

இப்போது பாலத்தின் எடையைப் பார்ப்போம். அதில் சுமார் 24,500 கன கெஜம், அதாவது ஏறக்குறைய 18,700 கன மீட்டர் கல் கட்டுமானம் இருக்கிறது. ஒரு கன மீட்டர் கருங்கல் இரண்டரை டன்னுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 48,000 டன்னைத் தொடும். பத்து டன் ஏற்றும் லாரியில் அந்தக் கல்லை அடிப்பதென்றால் 4,800 நடை. எட்டுக் கண்களுக்கும் பங்கிட்டால், தூண்களையும் சேர்த்து, ஒரு கண்ணுக்கு 6,000 டன். ஒரு கண்ணின் நீளத்துக்குள் ஒரு பாதையில் ஒரு பெரிய எஞ்சின்தான் நிற்க முடியும். இரண்டு பாதைகளிலும் ஒரே சமயத்தில் நின்றாலும் 380 டன். கல்லின் எடையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஆறு பங்கு. மூட்டை தூக்கிப் பழகிய ஆளின் தலையில் இன்னும் சில படி அரிசியை வைத்தது போலத்தான்.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. கல் வளைவு நிற்பது, அழுத்தம் செல்லும் பாதை கற்களின் கனத்துக்குள்ளேயே அமையும் வரைதான். வண்டி ஒரு பக்கத்திலிருந்து ஏறும்போது அந்தப் பாதை சற்று இடம் மாறும். பாலம் இலேசாக இருந்தால் அந்த மாற்றம் பெரிதாகி, அழுத்தப்பாதை கல்லுக்கு வெளியே போய்விடக்கூடும். பாலம் கனமாக இருந்தால், ஏறி இறங்கும் எடை அந்தப் பாதையை அசைப்பதே அரிது. எடைதான் இங்கே காவல். அந்நாளில் கணக்குப் பார்த்து மெல்லிய இரும்பில் கட்டப்பட்ட பல பாலங்கள், எஞ்சின்களின் எடை கூடியபோது மாற்றப்பட வேண்டியதாயிற்று. கல்லைத் தாராளமாகப் போட்டது வீண்செலவு என்று அன்று தோன்றியிருக்கலாம். இன்றைய எஞ்சினைத் தாங்குவது அந்தத் தாராளம்தான்.

வளைவில் ஓடும் வண்டி வெளிப்பக்கம் தள்ளுமே என்று சூரமங்கலத்து ஐயா அடுத்த கடிதத்தில் கேட்பார் என்று தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், இந்த ஆரத்தில், ஒவ்வொரு 100 டன்னுக்கும் சுமார் ஆறரை டன் வெளிப்புறம் தள்ளும். 48,000 டன் கல்லுக்கு அது பொருட்டல்ல.

அந்த ஆற்றில் வெள்ளம் வருவதுண்டா? (ஆத்தூர் வாசகர்)

உண்டு. வசிஷ்ட நதிக் கரையில் இருப்பவருக்கு வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1868 ஜூலையில் பட்டாப்ஸ்கோ பள்ளத்தாக்கையே சூறையாடிய பெருவெள்ளத்தையும், 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் தாமஸ் பாலம் பார்த்துவிட்டது. இரண்டிலும் அது அசையவில்லை.

தாமஸ் என்பவர்தான் அதைக் கட்டினாரா? (சேலம், அம்மாபேட்டை வாசகர்)

இல்லை. பிலிப் தாமஸ் அந்த ரயில் கம்பெனியின் முதல் தலைவர். அவர் பெயரைப் பாலத்துக்கு வைத்தார்கள். வடிவமைத்தவர் பெஞ்சமின் ஹென்றி லாட்ரோப் இரண்டாமவர். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தை உருவாக்கிய கட்டடக்கலைஞர்களில் ஒருவரான பெஞ்சமின் லாட்ரோபின் மகன். இவர் முதலில் வழக்கறிஞர் தொழிலுக்குப் படித்தவர். பொறியியல் பயிற்சி பெற்ற அண்ணன் ஜான், வழக்கறிஞராகி இதே கம்பெனிக்குச் சட்ட வேலை பார்த்தார். கட்டியெழுப்பிய ஒப்பந்தக்காரர் ஜான் மெக்கார்ட்னி. வேலை முடிந்ததும் பாலத்தின் ஒரு முனையில் பெயர்கள் பொறித்த கல் தூண் ஒன்றையும் நட்டுவைத்தார். அந்த முனையில் உள்ள ஊரின் பெயர் ரிலே. குதிரைகள் இழுத்த காலத்தில் அங்கேதான் களைத்த குதிரைகளை அவிழ்த்து மாற்றுக் குதிரைகளைப் பூட்டினார்கள்.

1844-இல் தந்தியை உருவாக்கியவர்களில் ஒருவரான மோர்ஸ் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்திக் கம்பி இழுத்ததும் இந்த ரயில் பாதையை ஒட்டித்தான். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, வடக்கிலிருந்து தலைநகருக்குச் செல்லும் ரயில் வழி இது என்பதால், அரசுப் படை வந்து இந்த இடத்தைக் கைப்பற்றிக் காவல் காத்தது. நம் நாட்டில் முதல் பயணிகள் ரயில் 1853-இல் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சென்னை ராயபுரத்திலிருந்து 1856-இல் புறப்பட்டது. சேலத்துக்கு ரயில் வந்தது அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. அப்போதே தாமஸ் பாலம் கால் நூற்றாண்டு உழைத்திருந்தது.

இவ்வளவும் படித்தபின் ஒரு கல் வளைவுப் பாலத்தை நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது. அமெரிக்காவுக்கா போக முடியும்? (சேலம், அஸ்தம்பட்டி வாசகி)

செங்கோட்டைக்குப் போங்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும் மலைப்பாதையில், தென்மலைக்கு அருகே கழுதுருட்டியில், பதின்மூன்று கண் பாலம் இருக்கிறது. 1904-இல் திறக்கப்பட்ட கொல்லம் – செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதைக்காகக் கட்டப்பட்டது. இப்போது அகலப்பாதையில் ரயில் ஓடுகிறது. நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்பதால், சாலையில் நின்று கண்களை எண்ணலாம். ரயிலில் போனால் பாலம் உங்கள் காலடியில் போய்விடும், பார்க்க முடியாது. எனவே ஒரு வழி ரயில், ஒரு வழி பஸ் என்று திட்டமிடுங்கள்.

கல்பாலத்துக்கு எதிரி எது? எங்கள் ஊரில் ஒரு பழைய கல் மதகின் மேல் அரசங்கன்று முளைத்திருக்கிறது. (அயோத்தியாப்பட்டணம் வாசகர்)

எதிரிகள் இரண்டு: ஒன்று தண்ணீர், மற்றொன்று நீங்கள் பார்த்த அந்த அரசங்கன்று. காக்கை எச்சத்தில் வந்து விழும் விதை, சுண்ணாம்பு இளகிய இணைப்பில் முளைத்து, வேரைக் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே அனுப்புகிறது. வேர் பருக்கும்போது அது ஆப்பு வைத்த கதைதான். சம்மட்டி இல்லாமலே கல் விலகுகிறது. விலகிய இடத்தில் மழைநீர் இறங்கி, உள்ளே நிரப்பிய மண்ணைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. மதகின் அடியில் நின்று மேலே பாருங்கள். கல் இணைப்புகளில் வெள்ளை நிறத்தில் உப்புப் பூத்தது போல வழிந்திருந்தால், கரைந்து வருவது கலவையின் சுண்ணாம்பு.

கன்றை வெட்டிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். வெட்ட வெட்ட அது தழையும். இளங்கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட்டு, அந்த இணைப்பைச் சுத்தம் செய்து, சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். பலரும் அவசரத்துக்குச் சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள். சிமெண்ட் இறுகிப்போய் உள்ளே சேர்ந்த ஈரத்தை வெளியேற விடாது. ஈரம் வேறு வழி தேடிக் கல்லின் முகப்பையே பொரிய வைக்கும். தண்ணீர் வடிவதற்காக அன்றே விட்ட துளைகள் மதகில் இருந்தால், அவற்றில் அடைந்திருக்கும் மண்ணையும் தழையையும் முதலில் எடுக்கச் சொல்லுங்கள். வேர் பெருவிரல் கனத்தைத் தாண்டியிருந்தால் யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் வேரோடு கல்லும் வந்துவிடும். மதகு எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறதோ அங்கே எழுத்து மூலம் தெரிவித்து, கல் வேலை தெரிந்த கொத்தனாரை வைத்து எடுப்பதே முறை. மழைக்காலம் தொடங்கும் முன் செய்துவிட்டால் நல்லது.